கழுவிக் கொடுத்த பஞ்சுக்குச்சி

ஓமேனா என்ற பொடிமீனைக் காயப்போட்டிருந்த விரிப்பை அப்படியே விட்டுவிட்டு அகெயோ சுகாதார நிலையத்துக்கு நடந்தாள். 'நேரில் வரவும்' என்று போனில் வந்த ஒற்றை வரிதான் காரணம். அவளுடைய அக்காவையும் இப்படித்தான் நேரில் வரச் சொன்னார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய், முற்றிவிட்டது என்றார்கள். பதினொரு மாதம் பாயோடு பாயாகக் கிடந்து போய்ச் சேர்ந்தாள்.

நர்ஸ் அவினோ ஒரு தாளை வைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கினாள். மகள் நெரியாவின் பெயரைச் சொல்லித்தான் அவளும் அகெயோவைக் கூப்பிடுவாள்.

"உக்காருங்க நெரியாம்மா. வீட்டுல நீங்களே எடுத்துக் குடுத்தீங்களே பஞ்சுக்குச்சி, அதை உள்ள வெச்சுத்தானே எடுத்தீங்க?"

"ஆமா. படத்துல போட்டிருந்த மாதிரியே."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, குடுத்தேன்."

"மெஷின் இதுல மனுஷத் தடயமே இல்லங்குது. கருப்பை வாய்ப் புத்துநோயக் கொண்டுவர்ற கிருமி இருக்கா இல்லையான்னே தெரியல."

அகெயோவுக்குக் காது சூடானது. ஊர்ச் சுகாதாரத் தன்னார்வலப் பெண் தன் பிரசவத்துக்குப் போயிருந்ததால், பஞ்சுக்குச்சி போட்ட உறையை அன்று அவளுக்குப் பதிலாக வாங்க வந்த தன்னார்வலன் ஒயியே. வேறு யாருமல்ல, மகள் நெரியாவின் புருஷன். மாமியார் முகத்தை மருமகன் நிமிர்ந்து பார்க்கக்கூடாத ஊர் அது. பாவம், அவன் வேலிக்கு வெளியே முதுகைக் காட்டி நின்று, கள்ளிச்செடிக்குப் பாடம் எடுப்பதுபோல விவரம் சொன்னான். அவன் கையில் அதை அப்படியே கொடுக்க எந்த மாமியாருக்கு மனம் வரும்?

"கழுவினேன்," என்றாள் தரையைப் பார்த்து. "சோப்புப் போட்டு. ரெண்டு தடவ."

"என்னது!"

"வெயில்ல காயவெச்சுதான் குடுத்தேன். மாப்பிள்ளை கையில அழுக்கையா குடுப்பேன், நீயே சொல்லு."

அவினோ மேசையில் தலை கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு சட்டென்று சிரிப்பு நின்றது.

"நல்லாக் கழுவினீங்க, அதனால மாட்டினீங்க. அரைகுறையாக் கழுவியிருந்தா 'கிருமி இல்ல'ன்னு வந்திருக்கும். நீங்களும் நிம்மதியாத் தூங்கியிருப்பீங்க."

மறுபடி எடுத்தார்கள், கழுவாமல். ஒரு மணி நேரம் கழித்து மெஷின் சொன்னது: கிருமி இருக்கிறது. படுக்கவைத்து வினிகர் தடவிப் பார்த்தால் கருப்பை வாயில் வெள்ளையாக ஒரு திட்டு. அகெயோ கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கடைக்குட்டியை யார் கையில் ஒப்படைப்பது என்றுகூட யோசித்துவிட்டாள்.

"பயப்படாதீங்க, இது இன்னும் புத்துநோய் ஆகல. ஆகறதுக்குள்ள அந்தத் திட்டைச் சூடு வெச்சுச் சுட்டுடறேன்."

அடிவயிற்றில் ஒரு சூடு, ஓர் இழுப்பு.

"எந்திரிங்க. ஆறு வாரம் வீட்டுக்காரர் தனியாப் படுக்கட்டும். அடுத்த வருஷம் வந்து காட்டணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"ஆறு வாரம் என்ன, அந்த மனுஷன் குறட்டைக்கு ஒரு வருஷம்னே எழுதிக் குடேன்."

வெளியே வந்தாள். மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியதில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. வராந்தாவில் உறைகளை மடியில் மறைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அகெயோ வெட்கத்தை மூட்டைகட்டி வைத்தாள்.

"அடியே, எங்கக்கா பதினொரு மாசம் துடிச்சுச் செத்தா. எனக்கு அஞ்சே நிமிஷத்துல முடிஞ்சுது. எவளாவது குச்சியைக் கழுவிக் கொண்டாந்திருந்தா, எந்திரிச்சுப் போயி மறுபடி எடுங்கடி!"

 ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல், மூன்று பேர் எழுந்து உள்ளே போனார்கள்.