எதெல்வினாவின் இரண்டு டிகிரி

எதெல்வினா கிலும்பாக்கின் என்பவள் உட்கார்ந்திருக்கும் அறையில் வெப்பம் இரண்டு டிகிரிக்கு மேல் ஏறாது. வெட்டிய ரோஜா மொட்டு விரியாமல் மியாமி போய்ச் சேர அந்தக் குளிர் வேண்டும் என்பதால், கயம்பேயில் இருந்த அந்தப் பூப்பண்ணை குளிரூட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அறை நடுவில் ஒரு முக்காலி போட்டு அவளை உட்கார வைத்தது. மகள் லுஸ்மிலா ஸ்பெயினுக்குப் பிழைக்கப் போய், ஒரு வருடமாகத் தகவலே இல்லாமல் போனதிலிருந்து அவளைச் சுற்றி இப்படிக் குளிர்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர் தலைநகர் கித்தோவிலிருந்து வந்த பணியாளர் அதிகாரி பியெதாத் லாரியா. பட்டம் பெற்றவர் என்பதால் எல்லோரும் லிசென்சியாடா என்றே கூப்பிட்டார்கள். நூற்றிருபது கேள்விகள் அடங்கிய தாளோடு வந்து, யாருக்கு என்ன சுபாவம் என்று ஒவ்வொருவராக விசாரித்தார். எதெல்வினாவுக்குப் படிக்கத் தெரியாது. கேள்விகளை வாய்விட்டுப் படித்துக் காட்டியபோது அவர் பேனாவில் மை உறைந்துவிட்டது. பென்சிலை எடுத்து, 'குளிர் அறை' என்று எழுதினார். சிரித்தால் சுற்றியுள்ள மொட்டுகள் அவிழ்ந்துவிடுகிற அமாப்லேயை உரக்குழிக்கு மாற்றினார். கோபக்காரன் ரொசெந்தோ ஃபரினாங்கோவைச் சாப்பாட்டுக் கொட்டகையில் பெட்டி அடுக்க வைத்தார். எழுபது பேரின் சாப்பாட்டுத் தூக்குகளும் அவனைச் சுற்றி வைக்கப்பட்டன. மதிய மணி அடித்ததும் யாராவது அவனைச் சீண்டினால் எல்லாம் கொதித்துவிடும். சீண்டுவதற்கு முறை வைத்திருந்தார்கள்.

"உன் மூத்த பையன் யார் ஜாடைன்னு ஊருக்கே தெரியும் ரொசெந்தோ, உனக்குத்தான் யாரும் சொல்லல" என்பாள் ஒருத்தி. வாற்கோதுமைக் கஞ்சி தளதளக்கும். கொதித்து முடிந்ததும் ரொசெந்தோ ஆறிப்போய், தன் கிண்ணத்தோடு வரிசையில் நிற்பான்.

ஜனவரியில், காதலர் தினத்துக்கான வெட்டு தொடங்கிய வாரம், லுஸ்மிலாவின் கடிதம் பண்ணை முகவரிக்கு வந்தது. எதெல்வினாவுக்கு வரும் தபாலைப் படித்துக் காட்ட வேண்டியவள் பெட்டி கட்டும் கூடத்தின் மேற்பார்வையாளர் ஓல்கா. இங்கே முர்சியா ஊரில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிறேன், நோயில் கிடந்தேன், இப்போது நலம், இந்த எண்ணுக்குக் கூப்பிடு, உன் குரலைக் கேட்க வேண்டும் என்று மகள் எழுதியிருந்தாள். ஓல்கா அதைக் கூடத்துப் பெண்களிடம்தான் முதலில் படித்தாள். எதெல்வினாவுக்குச் சந்தோஷம் வந்தால் அறை சூடேறும், சரக்கு முழுக்க விரியும். பக்கத்துப் பண்ணை ஒரே ஒரு பிப்ரவரிச் சரக்கு கெட்டதில்தான் மூடப்பட்டது.

"ஒரு வருசத்துக்கு மேல காத்திருந்தவ இன்னும் மூணு வாரம் காத்திருக்க மாட்டாளா?" என்றாள் ஓல்கா.

லிசென்சியாடாவிடம் போய்க் கேட்டார்கள். அவர் தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "நீங்க என்கிட்ட எதுவும் சொல்லல" என்றார்.

காதலர் தினம் முடிந்ததும் ருஷ்யாக்காரர்களின் மகளிர் தினம் வந்தது. அதன்பின் அன்னையர் தினம். அதற்கு இன்னும் அதிகம் பூ போகும். பிறகு மறுபடியும் ஜனவரி. ஓல்கா பொறுப்பானவள் என்று லிசென்சியாடாவின் தாளிலேயே இருந்தது. வந்த கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கி நாடாவால் கட்டி வைத்தாள். ரொசெந்தோவுக்கும் விஷயம் தெரியும். இன்று சொல்லியே தீருவது என்று தினமும் நெருப்பாக வருவான். மணி அடித்ததும் குளிர் அறையை நோக்கி நடப்பான். அன்று சீண்டும் முறை யாருக்கோ அவள் அவன் பின்னாலேயே போய் ஒரு வார்த்தை சொல்வாள், கஞ்சி கொதிக்கும், அவன் கோபம் தீர்ந்துவிடும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிடுவான். மூன்று வருடம் இப்படிப் போனது. சனிக்கிழமைதோறும் எதெல்வினா, கடிதாசி ஏதும் உண்டா என்று கேட்பாள். இல்லக்கா என்பாள் ஓல்கா.

கடைசிக் கடிதம் சிறியது. இனி அதில் மறைக்கச் சந்தோஷம் எதுவும் இல்லை என்று கண்ட ஓல்கா, கடமை தவறக் கூடாது என்று கட்டை எடுத்துப்போய், முதலிலிருந்து வரிசையாகப் படித்தாள். முதல் கடிதத்தைப் படிக்கும்போதே அறைக் கூரையிலிருந்து நீர் சொட்டியது. நான்காவதில் மொட்டுகள் பிளந்தன. எதெல்வினா முக்காலியை விட்டு எழுந்து, தொலைபேசி எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

"முழுசாக் கேட்டுட்டுப் போக்கா" என்று ஓல்கா கடைசியையும் படித்தாள். "அம்மா, நீ என்னை மன்னிக்கலன்னு புரிஞ்சுக்கிட்டேன். வீடு மாறிப் போறேன். இனிமே எழுத மாட்டேன்."

எதெல்வினா, முதல் கடிதாசி எப்போது வந்தது என்று மட்டும் கேட்டாள். ஓல்கா தேதியைச் சொன்னாள். எதெல்வினா மறுபடி உட்கார்ந்தாள்.

அன்று மதியத்துக்குள் அறையில் இருந்த ரோஜாக்கள் குளிரில் கருகி, கண்ணாடி போல் நொறுங்கின. லிசென்சியாடா வெப்பமானியோடு வந்து, முக்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்த்தச் சொன்னார். முற்றத்தின் நடுவே அறுபதாவது அடியில் வைத்தபோது அறைக்குள் கணக்குச் சரியாக இரண்டு டிகிரி வந்தது. அங்கிருந்து அவளால் மூன்று அறைகளைக் குளிர்விக்க முடியும் என்பதால், அந்த வருடமே இன்னும் இரண்டு அறைகள் கட்டினார்கள். மழைக்காலத்தில் மழை அவள்மேல் பனியாக விழுந்தது. அதை வாரிக் கொட்ட ஓர் ஆள் தேவைப்பட்டதால், தகரக் கூரை போட்டுக் கொடுத்தார்கள்.