ஈரக்காலுறை அழித்த பாதை

1

இந்தக் கதை ஒரு சதுப்பில் பிறந்தது. போன வருட ஆகஸ்டில், இடுப்பளவு சேற்றில், சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நின்றேன். கைபேசி மட்டும் நான் சரியான பாதையில் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது. அதன் தைரியத்தைப் பார்த்ததும், இதை எழுதாமல் விடக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

எழுத உட்கார்ந்ததும் வந்த முதல் வரி: ‘வரைபடம் என்பது மனிதகுலத்தின் ஆதி’. வேண்டாம், எனக்கே கொட்டாவி வந்தது.

இரண்டாவது: ‘அமெரிக்காவின் வடக்கு ஐடஹோவில், பைன் மரங்கள் சூழ்ந்த ஓர் அழகிய’. இது சுற்றுலா விளம்பரம்.

மூன்றாவதாக மார்லிஸ் வந்தாள். வந்தவள் நேராக வேலையில் இறங்கிவிட்டாள். அவளையே பின்தொடர்வோம். (சதுப்பில் அவளைப் பின்தொடர்ந்துதான் விழுந்தேன் என்பதை மறக்கவில்லை.)

2

மார்லிஸ் ஊர் ஹார்டுவேர் கடையில் பெயின்ட் கலப்பவள். ஆகஸ்ட் கடைசியில் எங்கள் சைக்கிள் கூட்டம் போகும் பெரிய சவாரிக்கு வழி போடுவதும் அவள்தான். தார் ரோட்டைத் தொடாமல், காட்டு வழியிலேயே ஒரு முழு வட்டம் அடித்து வீடு திரும்ப வேண்டும் என்பது அவளுடைய பல வருட ஆசை. போன வருடம் அந்த ஆசைதான் எங்களைச் சேற்றில் இறக்கியது.

டுவெயின் சும்மா விடுவானா? வேலிக்குப் பெயின்ட் வாங்குகிற சாக்கில் வந்து நின்றான்.

“என்ன மார்லிஸ், இந்த வருஷம் எந்தக் குட்டையில எங்கள முக்கப் போறே?”

“உனக்குன்னு தனியா ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். நல்ல ஆழம்.”

“வேணாம் தாயே. வழி போடுற வேலைய எங்கிட்டக் குடு. மேட்டுல ஏறுவோம், ஹைவேல இறங்கி நேரா வீடு. போனமா வந்தமான்னு இருக்கும்.”

“ஹைவேல மரக்கட்டை லாரி போறது உன் கண்ணுக்குத் தெரியாதா?”

“ஓரமா போனா ஒண்ணும் ஆகாது.”

“ஆர்விலுக்கு ஓரம் எதுன்னே தெரியாதுய்யா! காத்துல இரையுதுன்னு காது மெஷினைக் கழட்டி பைக்குள்ள போட்டுட்டு ஓட்டுற மனுஷன்.”

டுவெயின் தோளைக் குலுக்கினான். “அப்ப நல்ல வழி ஒண்ணு காட்டு. இந்தத் தடவையும் சொதப்பினா, வேலை எனக்கு. கூட்டத்துல எல்லாரும் பேசியாச்சு.”

எல்லாரும் பேசியிருந்தோம், நான் உட்பட. மார்லிஸ் பெயின்ட் டப்பா மூடியைத் தேவைக்கு மேலேயே ஓங்கி அடித்தாள். பதவி போவது இருக்கட்டும், எங்கள் கூட்டத்திலேயே மூத்தவரான ஆர்விலை அந்த ரோட்டில் விடுவதாக இல்லை அவள்.*

* டுவெயினை வில்லனாக்கத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் எனக்கு டயர் பஞ்சரான போதெல்லாம் தன் ட்யூபைக் கொடுத்தவன் அவன். மனசு வரவில்லை.

3

நாங்கள் வழி போடுவது ஊரார் சேர்ந்து வரையும் வரைபடத்தை வைத்து. யாரும் அதில் கோடு போடலாம், யாரும் அழிக்கலாம். யார் செய்தது, எப்போது, என்ன காரணம் என்பது மட்டும் அழியாமல் நிற்கும்.

அதில் மலைமுகட்டில் இந்தப் பக்கம் ஒரு பாதை ஏறுகிறது. அந்தப் பக்கம் ஒன்று இறங்குகிறது. நடுவில் ஒரு இடைவெளி. அது மட்டும் சேர்ந்துவிட்டால் மார்லிஸின் வட்டம் முழுமை பெறும், சதுப்பும் வேண்டாம், ஹைவேயும் வேண்டாம்.

பழைய மாற்றங்களைத் தோண்டிப் பார்த்தாள். அந்த இடைவெளியில் வேறு வேறு ஆட்கள் பலமுறை கோடு போட்டிருந்தார்கள். எல்லாரும் எங்கோ தொலைதூரத்தில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைகிறவர்கள். ஒவ்வொரு முறையும் அதை ஒரே ஆள்தான் அழித்திருந்தார். புனைபெயர் ஈரக்காலுறை. காரணம்: ‘நேரில் போனேன். பாதை இல்லை. வெறும் புதர்.’

வரைபடக்காரர்களிடம் இந்த ‘நேரில் போனேன்’ என்ற சொல்லுக்கு மேல் பேச்சே கிடையாது. ஆகாயத்திலிருந்து பார்த்தவன், நடந்து பார்த்தவன் முன்னால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மார்லிஸும் அப்படி நம்பித்தான் போன வருடம் முகட்டை விட்டுவிட்டுச் சதுப்பு வழியைப் போட்டாள்.

இந்த முறை அவள் தேதிகளைப் பார்த்தாள். அழித்தது எல்லாமே ஆகஸ்டில். ஆகஸ்டில் எங்கள் ஊரில் ஒருவர் தனியாக மலையேறினால், அதற்கு ஒரே காரணம்தான்.

“அட, பெர்ரித் திருட்டு!” என்று மார்லிஸ் கடையிலேயே கத்திவிட்டாள்.

ஹக்கிள்பெர்ரியைச் சொல்கிறாள். தோட்டத்தில் வைத்தால் வளராத, மலையில் தேடித்தான் பறிக்க வேண்டிய கருநீலப் பழம். எந்த ஊருக்கும் ரகசியம் உண்டு. எங்களுக்கு அது பழம் கிடைக்கும் இடம். கல்யாணம் ஆகி முப்பது வருடமான பின்னும் கணவனிடம் சொல்லாத பெண்கள் இருக்கிறார்கள்.

4

அடுத்த விடுமுறை நாளில் மார்லிஸ் தனியாகக் கிளம்பினாள். வரைபடத்தில் இல்லாத ஒரு பூட்டிய கேட்டைத் தாண்ட, சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டாள். மரம் வெட்டும் வண்டிகளுக்காகப் போட்ட மண்பாதையில் மூச்சு வாங்க ஏறினாள். இடைவெளி வந்தது.

பாதை இருந்தது. காலில் மிதிபட்டு இறுகிய நல்ல பாதை. மழையில் மண் அரித்துப் போகாதபடி யாரோ குறுக்கே கட்டைகளும் பதித்திருந்தார்கள். மார்லிஸுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. அப்போது புதர் அசைந்தது. கரடியை விரட்டும் மிளகாய் ஸ்பிரேயை உருவினாள்.

“யாரு அங்க? கரடின்னா இப்பவே சொல்லிடு!”

“கரடிதான். அதைக் கீழ போடுடி.”

இடுப்பில் வாளியும் உதடெல்லாம் ஊதாவுமாக எழுந்து நின்றது வெர்னா. மார்லிஸின் நாத்தனார். எங்கள் கூட்டத்தில் ஒருத்தி. ஒவ்வொரு சவாரி முடிவிலும் ஹக்கிள்பெர்ரி அடைத்த பணியாரம் சுட்டு எடுத்து வருகிறவள்.

“நீயா ஈரக்காலுறை?”

“மெதுவாப் பேசு. மலை கேக்கும்.”

“நேர்ல போனேன், பாதையே இல்லன்னு எழுதினியே!”

“நேர்ல போனது நெசம்தானே.”

“போன வருஷம் எங்களச் சேத்துல இறக்கினது நீதான், இல்ல?”

“நானும்தானே இறங்கினேன்? ஒரு ஷூவ அங்கயே விட்டுட்டு வந்தேன்!”

“இறங்கினே. வாயத் தொறந்தியா?”

வெர்னா வாளியைக் கீழே வைத்தாள். அவள் குரல் தாழ்ந்தது.

“அந்தப் பக்கத்து மலையில இதே மாதிரி ஒரு இடம் இருந்துச்சு. எவனோ வரைபடத்துல கோடு போட்டான். அடுத்த வருஷம் போனா, கார் நிறுத்த இடமில்ல. செடிய வாரி வாரி உருவியிருந்தாங்க, கிளையெல்லாம் ஒடிஞ்சு கெடந்துச்சு. நான் உக்காந்து அழுதேன் மார்லிஸ். பழத்துக்கா அழுதேன்னு கேக்காத. அழுதேன்.”

“ஆர்வில் லாரிக்கு அடியில போனா நான் அழணும். அத யோசிச்சியா?”

வெர்னா ஒரு கை நிறையப் பழத்தை அள்ளி நீட்டினாள். மார்லிஸ் கோபத்தோடேயே தின்றாள். இனிப்பாக இருந்ததில் கோபம் கூடியது.

5

இங்கேதான் நான் பல நாள் மாட்டிக்கொண்டேன். இந்த வரைபடங்களை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு, உள்ளூர் ஆள் சொல்வதை நம்புங்கள் என்று அறிவுரை சொல்லித் திரிந்தவன் நான். இங்கே என்னடாவென்றால், கண்ணால் காணாதவர்கள் சரியாக வரைந்தார்கள், வருடாவருடம் நடந்தவள் தப்பாக அழித்தாள். தெரியாமல் செய்த தப்பைத் திருத்திவிடலாம். ஆசையால் செய்த தப்பை என்ன செய்வது?

(என்னையும் ரொம்ப நம்பாதீர்கள். இந்தக் கதையில் மலையை இடம் மாற்றி வைத்திருக்கிறேன். நானும் வெர்னாவின் பழப் பணியாரத்தைத் தின்பவன்.)

சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன். மார்லிஸ் கோடு போடுகிறாள், டுவெயின் தோற்கிறான், ஊர் கைதட்டுகிறது. ஆனால் அடுத்த ஆகஸ்டில் வெர்னாவின் முகத்தை எழுத எனக்குக் கை வரவில்லை.

கோடு போடாமல் கூட்டத்தை மட்டும் அழைத்துப் போகிறாள். இது நடக்காது. டுவெயினின் கைக்கடிகாரம் போகிற வழியையெல்லாம் பதிந்து, வீடு சேர்வதற்குள் உலகத்துக்குக் காட்டிவிடும். கழற்றி வை என்றால் ஏன் என்பான். அவனுக்குக் காரணம் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி.

மார்லிஸ் பேசாமல் வேலையை டுவெயினிடம் கொடுத்துவிட்டு

இல்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

6

ஆகவே சவாரி நாளுக்கே போய்விடுகிறேன்.

மலை ஏறி, மண்பாதை ஹைவேயைத் தொடும் இடத்துக்கு வந்தோம். இடது பக்கம் ஹைவே. வலது பக்கம் முகட்டுக்கு ஏறும் வழி. மார்லிஸ் முன்னால், அவளுக்குப் பக்கத்தில் வெர்னா, பின்னால் நாங்கள் எல்லாரும். எந்த வழி என்று மார்லிஸ் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

“என்னம்மா, இடமா வலமா?” டுவெயின் கடிகாரத்தைத் தட்டினான். “காத்துட்டிருக்கோம்ல.”

அப்போது ஒரு கட்டை லாரி வந்தது. ஹாரன் காதைப் பிளந்தது. நாங்கள் எல்லாரும் ஒதுங்கினோம். ஆர்வில் மட்டும், எதுவும் காதில் விழாமல், ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி மெல்ல ரோட்டில் ஏறினார். வெர்னா சைக்கிளை அப்படியே போட்டுவிட்டுப் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். லாரி அடித்த காற்றில் இரண்டு பேரும் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள்.

“என்னாச்சு? வந்துட்டமா?” என்றார் ஆர்வில்.

யாரும் சிரிக்கவில்லை. மார்லிஸ் வெர்னாவைப் பார்த்தாள். வெர்னாவின் விரல்கள் ஆர்விலின் சட்டையை இன்னும் விடவில்லை. எழுந்தாள், முழங்கால் மண்ணைத் தட்டினாள், மார்லிஸை முந்திக்கொண்டு முன்னால் போய் நின்றாள். எந்தப் பக்கம் என்று காட்டக் கையைத் தூக்கினாள்.

நானும் அங்கே இருந்தேன். அந்தக் கை எந்தப் பக்கம் நீண்டது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் சொல்லப் போவதில்லை. அது வெர்னாவின் கை, அவள் மலை, அவள் பழம். நீங்கள் அவளை இவ்வளவு தூரம் பார்த்துவிட்டீர்கள். அவள் எந்தப் பக்கம் காட்டியிருப்பாள் என்று நீங்களே சொல்லுங்கள்.