மூன்றரை அங்குலம்

அன்று மழை பெய்ததா என்பது எனக்கு நிச்சயமில்லை. பெய்ததாகத்தான் ஞாபகம். சின்னவளைக் கேட்டால் வெயில் கொளுத்தியது என்பாள். மற்றதெல்லாம் அவள் வாயால் கேட்டதுதான், என் சரக்கு எதுவும் இல்லை.

சின்னவள் ஒரு தையல் கடையில் கால்சட்டைகளுக்கு உயரம் குறைக்கிற வேலை பார்த்தாள். அளவு ஒரு நூல் பிசகினாலும் அவளுக்குச் சோறு இறங்காது. அதனால்தான் புருஷன் முறுக்கிய கையை மறுநாள் கடைக் கழிப்பறையில் வைத்து, கழுத்தில் தொங்கிய நாடாவாலேயே அளந்தாள். கன்றிப்போன இடம் மூன்றரை அங்குலம்.

அதை அக்காவிடம் மட்டும் சொன்னாள். அக்காவுக்கு அலுவலகத்தில் தட்டச்சு வேலை. கணினி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"கோர்ட்டுக்கு ஏறி இறங்க வேணாம்டி. பாதுகாப்பு உத்தரவுக்கு ஆன்லைன்லயே போடலாம். வா, உக்காரு."

சின்னவள் சொல்லச் சொல்ல அக்கா தட்டினாள். என்றைக்கு, எந்த அறையில், எந்தக் கை. பாதுகாப்பான தொடர்பு எண் என்று ஒரு கட்டம் வந்தது.

"உன் நம்பர் வேணாம், அவன் போனை நோண்டுவான். என்னோடதப் போடறேன்."

"உன்னை விட்டா எனக்கு யாருக்கா இருக்கா?"

"அழாதடி, கீபோர்டு நனையுது."

இருவரும் சிரித்தார்கள். அக்கா கடைசியாக ஒரு பொத்தானைத் தட்டிவிட்டுத் திரையை அணைத்தாள். "போயாச்சு. பதில் வந்தா நான் சொல்றேன்."

ஒன்பது நாள் போயிற்று. கேட்டபோதெல்லாம், "கோர்ட்டு என்ன உன் தையக்கடையா, நாளைக்கு வாங்கன்னு சொல்ல?" என்றாள் அக்கா.

பத்தாம் நாள் காலையில் புருஷன் குனிந்து காலணி மாட்டிக்கொண்டிருந்தான். நிமிராமலே கேட்டான்.

"இஞ்ச் டேப் வச்சு அளந்தியாமே? மூணரையா? சரியாத்தான் அளந்தியா, இல்ல தையலுக்குத் துணி விட்டு அளந்தியா?"

தன் நகைச்சுவையை மெச்சிக்கொண்டே வெளியே போனான். சின்னவள் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றாள். நாடாவைப் பற்றி உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

கடைக்குப் போய் நீதிமன்ற உதவி எண்ணுக்குப் பேசினாள். எதிர்முனைப் பெண் தேடிப் பார்த்துச் சொன்னாள்: "மனு இருக்கும்மா. ஆனா அனுப்பல. வரைவாவே கிடக்கு."

பிறகு அக்காவைப் போனில் கூப்பிட்டாள்.

"அனுப்பலடி. அவனைக் கூப்பிட்டு மிரட்டினேன். இனி கை வச்சா அனுப்பிடுவேன்னு சொன்னேன். கண்ணுல தண்ணி விட்டான்டி, பாவம். உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன்?"

"எழுதினதக் காட்டினியா?"

அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"படிச்சா திருந்துவான்னு நெனச்சேன்."

அடித்தவனிடம் சின்னவளுக்கு எதிர்பார்ப்பு எதுவும் மிச்சமில்லை. அதனால் அவன் முறுக்கிய கை ஒருநாளும் அக்கா செய்த இந்த அளவுக்கு வலித்ததில்லை.

மழையோ வெயிலோ, அன்று அவள் வீடு திரும்பவில்லை. கடையின் பின்னறையில் தங்கினாள். கடைக்காரம்மாவின் கணினியில் இரண்டே விரலால், எழுத்தைத் தேடித் தேடி, புது மனு அடித்தாள். தொடர்பு எண் கட்டத்தில் நின்றுவிட்டாள்.

"என் நம்பரப் போடேன்" என்றாள் கடைக்காரம்மா.

சின்னவள் தலையை ஆட்டி மறுத்தாள். வெளியே போய்ப் புது எண்ணோடு ஒரு சின்னப் போன் வாங்கி வந்தாள். அந்த எண்ணைப் போட்டு, அனுப்பியதற்கான எண் திரையில் விழும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை. அந்தப் போனைப் பொத்தான் டப்பாவுக்குள் வைத்தாள்.

உத்தரவு கிடைத்தது. புருஷன் ஊரின் மறுகோடியில் அறை எடுத்துக்கொண்டான். அவள் பக்கம் வருவதில்லை. கடைக்காரம்மா இன்னும் கடை நடத்துகிறாள். அக்கா ஒருமுறை சட்டை தைக்க வந்தாள். சின்னவள் சரியாக அளவெடுத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.