ஏறிய கோடு

1.

ஆறு மணி நேரம். பல துறைகளுக்கும் பொதுவான அந்தக் கருவி ஒருவருக்கு ஒரு நாளில் அவ்வளவுதான் கிடைக்கும். அன்று உள்ளே இருந்த ஆராய்ச்சி மாணவிக்கு அடுத்த முறை என்னுடையது. பாதி திறந்த கண்ணாடிக் கதவுக்கு வெளியே காத்திருந்தபோது இந்தக் கதை கிடைத்தது. நான் தேடிப் போகவில்லை.

2.

‘இரண்டு மூலக்கூறுகள் சந்தித்துக்கொண்டன.’ அடித்துவிட்டேன், காதல் கதை என்று நினைப்பீர்கள். உள்ளபடி சொல்கிறேன்: ஒரு புரதத்தைக் கருவிக்குள் செருகும் சில்லில்* பதித்து, இன்னொன்றை அதன்மேல் ஓடவிட வேண்டும். இரண்டும் ஒட்டிக்கொண்டால் திரையில் கோடு ஏறும்.

அவளுக்கு ஏறியது.

கையுறை போட்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் வைத்துப் பேசினாள். எதிர்முனையில் அவள் ஆய்வகத்து அண்ணன். அவனுடைய ஆய்வேடு பல வருடமாக இந்த ஒரு கோட்டுக்காகக் கிடக்கிறது. அவனை ‘டாக்டர்’ என்றுதான் கேலி செய்வார்கள்.

“ஒட்டுச்சா?”

“கோடு ஏறுதுண்ணா!”

“அப்பாடா! இனிமே சிரிக்காம டாக்டர்னு கூப்பிடுங்க.”

(*விரல் நகம் அளவு இருக்கும். அதைப் பற்றி யாரும் கதை எழுதியதாகத் தெரியவில்லை.)

3.

அங்கே ஒரு வழக்கம்: கிளம்புமுன் வெறும் கரைசலை ஓட்டிக் கருவியைக் கழுவ வேண்டும். நான் கதவைத் தட்டினேன்.

“என்ன, உள்ளேயே குடித்தனம் வெச்சுட்டியா?”

“கழுவிட்டு வந்துடறேன்க்கா.”

அவசரத்தில் பக்கத்துப் புட்டியை மாட்டிவிட்டாள். அவளுடைய புரதத்தைக் கரைத்திருந்த அதே கிளிசரின் கலவை. அதில் புரதம்தான் இல்லை. திரையைப் பார்த்ததும் அவள் முகம்— [இந்த வாக்கியம் வேண்டாம்.]

கழுவ ஒரு முறை போதும். அவள் அதே புட்டியை இன்னொரு முறை ஓட்டினாள்.

திரையில் நான் பார்த்ததை இப்போது எழுதமாட்டேன். முதலில் சொல்லும் உரிமை அவளுடையது.

4.

முடிவு ஒன்று: புட்டியைக் குப்பையில் போட்டுவிட்டுக் கிளம்புகிறாள். அண்ணன் டாக்டர் ஆகிறான். யாருக்கும் தெரியாது. [எனக்குத் தெரியும்.]

முடிவு இரண்டு: நான் உள்ளே போய் நேராக அவளிடம்— இல்லை. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

என் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி தட்டவில்லை. அவள் கையுறையைக் கழற்றினாள். இந்த முறை போனைக் காதில் வைத்துக்கொண்டாள். அண்ணன் சொன்ன பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் கேட்டது இவ்வளவுதான்:

“அண்ணா, யார்கிட்டயும் சொல்லலையே? புரதமே இல்லாம ஓட்டிப் பாத்தேன். அதே கோடு ஏறுது. ரெண்டு தடவை பாத்துட்டேன். ஏறினது கிளிசரினாலதான். நம்மளுது ஒட்டவே இல்லண்ணா.”