தூண்களுக்கு நடுவே ஒரு குடித்தனம்

மூன்று மாடிக் கட்டடம் அது. அடியில் வண்டி நிறுத்த வெறும் தூண்களாக விட்டிருந்த இடத்தில், ஒரு மூலையை மட்டும் சுவர் வைத்து அடைத்து வாடகைக்கு விட்டிருந்தார் வீட்டுக்காரர். அங்கே தையல்காரி தன் மகளோடு இருந்தாள். நேர் மேலே, முதல் மாடியில் நர்ஸும் அவள் கணவனும்.

போன நிலநடுக்கத்தில் தூண் ஒன்று வெடிப்பு விட்டது. பார்க்க வந்த பொறியாளர், "மேல அத்தனை கனம், கீழ வெறுங்கால். இன்னொரு ஆட்டம் தாங்காது" என்றார். தூண்களுக்கு இடையில் இரும்புச் சட்டம் நிறுத்த வேண்டும். குடியிருப்பவர்கள் எல்லோரும் சம்மதித்தால் மாநகராட்சி பாதிச் செலவை ஏற்கும்.

"கீழ் ரூமைக் காலி பண்ணிடணும். வேலை முடிஞ்சதும் புது வாடகை" என்றார் வீட்டுக்காரர்.

புது வாடகை என்றால் இனி வராதே என்று அர்த்தம். கட்டட வரைபடத்தில் அந்த அறையே இல்லாததால் தையல்காரியின் கையெழுத்தை யாரும் கேட்கவில்லை. மற்றவர்கள் மளமளவென்று போட்டார்கள். நர்ஸ் மட்டும் பேனாவை மூடி வைத்தாள்.

"அவ திரும்பி வர வழி பண்ணுங்க, போடுறேன்."

"நீங்க புண்ணியம் தேட எங்க உயிர்தானா கிடைச்சுது?" என்றார் மேல்மாடியில் இருந்த ஓய்வுபெற்ற மேனேஜர். ஊர் வம்பை விலைக்கு வாங்குகிறாள் என்று கணவனும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

அடுத்த வாரமே ஒரு மதியம் பூமி ஆடியது. எல்லோரும் அலறியடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். மேனேஜர் நடுங்கும் மனைவியைப் பிடித்தபடி நர்ஸைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

நேரே கீழ் அறைக்குப் போனாள். "நான் போட்டுடுறேன்மா. இனிமே என்னால முடியாது."

"போடுங்கக்கா. விழுந்தா முதல்ல நாங்கதானே நசுங்குவோம்" என்றாள் தையல்காரி. "ஆனா ஒண்ணு. உனக்கு என்ன வேணும்னு என்னை யாரும் கேக்கல. நீங்களும்தான்."

நர்ஸுக்குச் சுருக்கென்றது. "இப்ப கேக்குறேன், சொல்லு."

"அதை எல்லார் முன்னாடியும் நானே சொல்றேன்."

மறுநாள் கையெழுத்து விஷயமாக எல்லோரும் கூடிய கூட்டத்துக்கு அவள் படியேறி வந்தாள். திரும்பி வர இடம், தாங்குகிற வாடகை, வேலை முடியும்வரை மெஷின் வைக்க ஒரு மூலை. இவ்வளவுதான் கேட்டாள்.

"அந்த ரூம் வரைபடத்துலயே இல்லையே" என்று இழுத்தார் வீட்டுக்காரர்.

"வாடகை வாங்குறப்போ வரைபடத்தையா பார்த்தீங்க?"

யாரோ சிரித்துவிட்டார்கள். மேனேஜர் தொண்டையைச் செருமினார். "மெஷின் எங்க ஹால்ல இருக்கட்டும். மதியம் நான் தூங்குற நேரத்துக்கு மட்டும் ஓட்டாதம்மா."

வீட்டுக்காரர் கடைசியில் இறங்கிவந்தார். கொஞ்சம் கூடுதல் வாடகைக்கு எழுதிக் கொடுத்தார். நர்ஸும் கையெழுத்துப் போட்டாள்.

வேலை முடிந்து தையல்காரி திரும்பி வந்தபோது, இரும்புச் சட்டம் அவளுடைய ஒரே ஜன்னலைக் குறுக்காக மறைத்திருந்தது. பகலிலேயே விளக்கு எரிந்தது.

"வெளிச்சமே போச்சேம்மா" என்றாள் நர்ஸ்.

"போச்சுதான்" என்று தையல்காரி செருப்பை மாட்டினாள். "அதுக்கு வாடகையில என்ன குறைப்பாருன்னு கேக்கத்தான் கிளம்புறேன். வர்றீங்களா?"