நாலு மூலையிலும் மஞ்சள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் காந்திபுரம் பேருந்து நிலையம். ஒரு சனிக்கிழமை, கருமத்தம்பட்டி போவதற்காக நின்றவன், கடையில் தொங்கிய ஒரு ராக் இசை இதழை வாங்கிவிட்டேன். ராக் இசையில் எனக்கு ஆனாவும் தெரியாது, ஆவன்னாவும் தெரியாது. இதழின் பெயர் 'கரகர'. என்னை வாங்க வைத்தது அட்டைதான். கன்னங்கரேல் என்று இருந்தது. நடுவில் ஒரு டிரம்ஸ் வாசிக்கும் பெண், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நாலு மூலையிலும் மஞ்சள் பொட்டு. பேருந்தில் உட்கார்ந்து ஒரு மூலையைத் தடவினேன், விரலில் ஒட்டியது. மோந்து பார்த்தேன். அச்சு மை இல்லை, சமையலறை மஞ்சள்.

அடுத்த வாரம் வேலையைப் போட்டுவிட்டு, உள்ளே இருந்த முகவரியைப் பிடித்து உக்கடத்து அச்சகத்துக்குப் போனேன். அங்கே கேட்டது பாதி, நான் இட்டுக்கட்டியது பாதி. எது எந்தப் பாதி என்று மட்டும் கேட்காதீர்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கிதாரின் அலறல் உக்கடத்தின் வானத்தைக் கிழித்தபோது ஆஃப்ரின்—'

அடித்துவிட்டேன். உக்கடத்துப் பேருந்து ஹாரனை மீறி ஒரு கிதார் கேட்டது என்றால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

அடுத்து: 'ராக் இதழின் அட்டை வாசகரை எப்படி இழுக்கிறது? பாடகர் நேராக நம் கண்ணைப் பார்ப்பார். கூட்டத்தில் ஒருவர் நம்மையே பார்த்தால் திரும்பிப் பார்ப்போமே, அந்தச் சூட்சுமம்தான். அவர் தலை இதழின் பெயரைப் பாதி மறைக்கும். எங்களை யாருக்குத் தெரியாது என்கிற மிதப்பு அது. எழுத்தில் விரிசல் விட்டிருக்கும், பார்க்கும்போதே சத்தம் கேட்கட்டும் என்று.'

இது கட்டுரை. (இருந்தாலும் அழிக்க மனமில்லை. அந்த அட்டையை வடிவமைத்த ஆஃப்ரின் எனக்கு ஒரு மணி நேரம் சொன்ன பாடம்; அவள் சொன்னதை என் கண்டுபிடிப்பு மாதிரி எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா?)

சரி, நேராகவே சொல்கிறேன்.

3

ஆஃப்ரினின் அத்தா, அதாவது அப்பா, நடத்தும் அச்சகத்தில் வருஷம் முழுக்கக் கல்யாணப் பத்திரிகைதான். கணினியில் வடிவமைப்பது அவள் வேலை. மாப்பிள்ளை வீட்டார் சொன்ன இடத்தில், பெண் வீட்டார் சொன்ன பூவை வைப்பாள். 'கரகர' ஒன்றுதான் அவள் ஆசைப்பட்டுச் செய்வது. ஆசிரியர் ரோஹன், மில் குடும்பத்துப் பையன். கிதார் சுமாராக வாசிப்பான். (கதையெல்லாம் அவன் படிக்கமாட்டான் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

முதல் இரண்டு இதழும் ரோஹன் சொன்னபடி வந்தன: பெரிய முகம், மண்டையோடு, சுற்றிலும் ஏழு தலைப்புகள். கடையில் பாதிக்கு மேல் தேங்கியது. மூன்றாவது இதழுக்கு, பல்லடத்து இசைக்குழு ஒன்றில் டிரம்ஸ் வாசிக்கும் சாய்ப்ரியாவைப் பின்னாலிருந்து படம் எடுத்து வந்தாள் ஆஃப்ரின்.

"மொகமே இல்லீங்களே. மொகமில்லாத அட்டைய யாருங்க வாங்குவாங்க?" என்றான் ரோஹன்.

"அந்த முதுகப் பாருங்க. அடிக்கறதுக்கு முந்தி மூச்சப் புடிச்சுட்டு இருக்கறா. அடுத்து என்னன்னு உள்ள பொரட்டத் தோணலீங்களா?"

"எனக்குத் தோணலீங்க."

சண்டையைக்கூட இந்த ஊரில் 'ங்க' போட்டுத்தான் போடுவார்கள். கடைசியில் ரோஹன் ஒரு பந்தயம் வைத்தான்.

"இந்த ஒரு தடவ உங்க இஷ்டமுங்க. கடைக்குக் குடுக்கற அம்பதும் ஞாயித்துக்கெழமைக்குள்ள போகலீன்னா, அடுத்ததுல இருந்து அட்டை நாஞ்சொல்ற மாதிரித்தான்."

ஆஃப்ரின் ஒத்துக்கொண்டாள். வெளியே சிரித்தாலும் உள்ளுக்குள் பயந்துதான் போனாள். இதுவும் கைவிட்டுப் போனால், மிச்சமிருப்பது பிறத்தியார் சொன்ன பூக்கள் மட்டும்தான்.

4

சனிக்கிழமை காலை. கட்டுகளை எடுக்க வந்த ஆஃப்ரின் அப்படியே நின்றுவிட்டாள். ஒவ்வொரு அட்டையின் நாலு மூலையிலும் மஞ்சள். பக்கத்தில் கிண்ணத்தோடு ராமாமணி. கட்டுக் கட்டும் பிரிவில் பதினைந்து வருஷமாக இருப்பவர். மூலைக்கு மஞ்சள் வைப்பது கல்யாண வீட்டார் வேலைதான் என்றாலும், இந்த அச்சகத்தில் அதையும் செய்தே கொடுத்துவிடுவார்கள்.

"என்னக்கா பண்ணிப்போட்டீங்க! இது கல்யாணப் பத்திரிகை இல்லக்கா!"

"அது தெரியாதா கண்ணு? ஒரே கருப்பா இருந்துதா, அதுதான் ஒரு சுத்து அதிகமாவே வெச்சுப்போட்டேன். கடையில தொங்கறப்ப ஓரந்தானே—"

ஆஃப்ரின் மீதியைக் கேட்கவில்லை. ஈரத்துணியால் ஒன்றைத் துடைத்துப் பார்த்தாள், மஞ்சள் இன்னும் பரவியது. பத்து மணிக்குள் கடையில் கொடுத்தாக வேண்டும். கண் கலங்க, கட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள்.

[ராமாமணி கைப்பழக்கத்தில் செய்துவிட்டார் என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். வேடிக்கையாகவும் இருந்தது. அவரிடமே வாசித்துக் காட்டினேன். "அப்படியே இருக்கட்டுமுங்க" என்று சொல்லிவிட்டுக் கட்டுக் கட்டப் போய்விட்டார். அந்தக் குரல் எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன்.]

5

ஞாயிறு மத்தியானம் ஆஃப்ரின் காந்திபுரம் போனாள். கடைக்கார வெங்கடபதி தூரத்திலேயே கையாட்டினார்.

"வாங்க அம்மணி! அம்பதும் போயிருச்சு. அதுக்கு மேல மாதிரிக்குன்னு நீங்க குடுத்த இந்த ஒண்ணுதான் மிச்சம். இன்னும் இருந்தாக் குடுங்க."

அவளுக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போல இருந்தது. அப்போதுதான் மேலே பார்த்தாள். கயிற்றில் இதழ்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறித் தொங்கின. ஒவ்வொன்றிலும் இடது ஓரம் மூன்று விரல் அகலம்தான் வெளியே தெரிந்தது. 'கரகர'வில் முதுகும் தெரியவில்லை, மூச்சும் தெரியவில்லை. ஒரு கறுப்புப் பட்டை, மேலும் கீழும் இரண்டு மஞ்சள் பொட்டு. பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் நின்றிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நின்றேன்.

ஓரந்தானே தெரியும் கண்ணு. ராமாமணி சொல்ல வந்தது இதுதான். தினமும் இந்தக் கடை ஓரமாகப் பேருந்துக்கு நிற்பவர் அவர். ஆஃப்ரின் கடையில் அட்டை எப்படித் தொங்கும் என்று ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

கைப்பேசி அடித்தது. ரோஹன்.

"ஏனுங்க, கும்புடோணுங்க உங்கள! கருப்புல மஞ்சள வெச்ச மூளை இருக்குதே! இனி எல்லா அட்டையும் நீங்கதானுங்க. ரெண்டாவது அச்சுப் போடலாம், 'அட்டை'ன்னு உங்க பேரப் பெருசாப் போடுங்க."

ஆஃப்ரின் வாயைத் திறந்தாள்.

6

இங்கே நான் மாட்டிக்கொண்டேன். கையில் இருக்கிற முடிவுகளைக் காட்டிவிடுகிறேன்.

அ) உண்மையைச் சொல்கிறாள், ரோஹன் சிரிக்கிறான், எல்லோரும் பன் பட்டர் சாப்பிடுகிறார்கள். பந்தயம் என்ன ஆயிற்று? 'அப்போ செயிச்சது உங்க அட்டை இல்லீங்களே' என்று அவன் கேட்டால்?

ஆ) சொல்லவில்லை. அடுத்த இதழுக்கும் 'அக்கா, கொஞ்சம் மஞ்சள்' என்கிறாள். ராமாமணி வைக்கிறார். நடக்கக்கூடியதுதான். ஆனால் எனக்கு ஆஃப்ரினைப் பிடித்துப் போய்விட்டது, இதை எழுதக் கை வரவில்லை.

இ) பதினைந்து வருஷமாக ஊரார் பெயர்களைக் கட்டிக் கொடுத்த ராமாமணி, முதல் தடவையாகத் தன் பெயரை அச்சில்—

இல்லை. இது என் ஆசை.

நான் போன அன்றைக்கு இரண்டாவது அச்சுக்கான கோப்பு அவள் கணினியில் திறந்திருந்தது. கடைசி வரி இது: 'அட்டை: ஆஃப்ரின்,'

பெயருக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி. அதை அழிக்க ஒரு தட்டு போதும், இன்னொரு பெயரை எழுத இன்னும் சில தட்டு வேண்டும். அவள் விரல் விசைகளின் மேல் இருந்தது. நான் நாகரிகமாகத் திரும்பிக்கொண்டேன், அதற்காக இன்றுவரை என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

இரண்டாவது அச்சு இப்போது கடையில் தொங்குகிறது. காந்திபுரம் பக்கம் போனால் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். நான் பார்க்கப் போவதில்லை. அதற்கு முன்னால் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. நான் கிளம்பும்போது, "நாலு மூலையிலும் மஞ்சள்னு பேரு வெய்யுங்க, எடுப்பா இருக்கும்" என்று சொன்னவர் ராமாமணி. இந்தக் கதைக்குக் கீழே என் பெயரை எழுதி, ஒரு காற்புள்ளியும் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.