பூட்டுக்கு முன்னால் நாலு பேர்

எங்கள் வீட்டு ஹாலில் நாங்கள் டூர் போன போட்டோக்களை வரிசையாக மாட்டியிருக்கிறோம். ஊட்டி, ஏற்காடு, கொடைக்கானல், குன்னூர் எல்லாம் உண்டு. ஒவ்வொன்றிலும் நான், என் வீட்டுக்காரர் கோதண்டம், பெண் கிருஷ்ணப்பிரியா, பையன் கிரண் நாலு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்போம். பின்னால் ஒரு பூங்காவின் கேட் இருக்கும். கேட்டில் பூட்டு தொங்கும். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், எனக்கு நரைத்துவிட்டது, பூட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

எல்லாம் என் வீட்டுக்காரரின் நாக்கு செய்த வேலை. கரையான்சாவடியில் பெயிண்ட் கடை வைத்திருக்கிற மனுஷன், கடையில் உட்கார்ந்தால் ஒரு டீக்குக்கூட எழுந்திருக்க மாட்டார். ஆனால் டூருக்கென்று ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் போதும், எங்கிருந்துதான் அந்தப் பசி வருமோ. பூந்தமல்லியைத் தாண்டித் திருமழிசை வந்ததும் வண்டி நின்றுவிடும். முதல் டீயும் மசால்வடையும் அங்கேதான். வீட்டில் காய்ச்சிய பால் பாத்திரம்கூட அதற்குள் ஆறியிருக்காது. "இது போணிமே. இங்க நிறுத்தாம போனா வழி நல்லா இருக்காது" என்பார்.

அப்புறம் இட்லி, நுங்கு, லாரிகள் நிற்கிற ஓட்டலில் பரோட்டா, மலையடிவாரத்தில் பலாச்சுளை, கொண்டை ஊசி வளைவில் சுட்ட சோளம். பூங்காவுக்குப் போய்ச் சேரும்போது வாட்ச்மேன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டிருப்பார். "வுடு, நாளைக்கு பாத்துக்கலாம்" என்பார் இவர். மறுநாள் எங்கேயோ ஒரு கடையில் மீன் வறுவல் இவருக்காகக் காத்திருக்கும். ஊட்டிப் பூக்களை நான் கம்பி வழியாக எட்டிப் பார்த்ததோடு சரி.

இத்தனை வருஷமும் முணுமுணுத்துக்கொண்டு காலத்தை ஓட்டினேன். பெண்ணுக்கு வருகிற தையில் கல்யாணம் என்று நிச்சயமானது. மாப்பிள்ளைக்குப் புனேயில் வேலை. தட்டு மாற்ற வந்த அன்று மாங்காட்டுச் சம்பந்தியம்மா சரசா, காபி டம்ளரோடு ஹாலைச் சுற்றி ஒவ்வொரு போட்டோவாகப் பார்த்தாள்.

"இன்னா சம்பந்தி, ஊர் ஊரா போயி பூட்ட பாத்துட்டு வந்தீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். என் மானம் கப்பலேறிவிட்டது. பெண் புனே போவதற்குள் ஒரு தடவையாவது நாலு பேரும் ஒரு பூங்காவுக்குள்ளே நின்று போட்டோ எடுத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு பண்ணினேன். அதற்கப்புறம் நாங்கள் நாலு பேராக எங்கே போகப் போகிறோம்.

ஏலகிரிக்குப் போவதென்று முடிவானதும் சட்டத்தையும் போட்டேன்.

"ஒரு கடைலயும் வண்டி நிக்கக் கூடாது. புளிசாதம் கட்டிகினு வரேன். ஓடற வண்டிலயே துன்னுங்க."

"டீ?" என்றார்.

"பிளாஸ்க்ல."

"போணி பண்ணாம எப்படிமே?"

"உங்க போணியாலதான் அந்தம்மா என்னப் பாத்து சிரிச்சா."

விடியும்போதே கிளம்பிவிட்டோம். திருமழிசை வந்ததும் கார் தானாக மெதுவானது. காலுக்குப் பழக்கதோஷம். நான் தொண்டையைக் கனைத்தேன். வண்டி வேகமெடுத்தது. வடை வாசனை மட்டும் கொஞ்ச தூரம் எங்களோடு வந்தது.

"ம்மா, நைனா அழுவுறாரு" என்றான் கிரண்.

"கண்ணுல தூசுடா" என்றார் இவர்.

ஆம்பூர் வந்தபோது, "நைனா, மூக்க புட்சிக்கோ" என்று பிரியா சொல்ல, நான்கூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். மனுஷன் புளிசாதத்தை மருந்து மாதிரி விழுங்கிக்கொண்டு வந்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் பூட்டுத்தான் மிஞ்சும்.

ஏலகிரியில் பூங்காவின் கேட் ஆவென்று திறந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய் நாலு டிக்கெட் வாங்கித் திரும்பினால் மூன்று பேர்தான் இருக்கிறோம். எதிர்ப் பக்கம் எண்ணெய்ச் சட்டியில் மிளகாய் பஜ்ஜி பொரிந்துகொண்டிருந்தது. கழுதை கெட்டால் குட்டிச்சுவர். இவர் கையில் பொட்டலத்தோடு தெருவைத் தாண்டி வந்தார். கேட்டில் நின்ற செக்யூரிட்டி கையை நீட்டி மறித்தார்.

"சார், திங்கிற பொருள் உள்ள கொண்டுபோகக் கூடாது."

"அப்ப நீங்க போயிகினே இருங்க. நான் இத முட்ச்சிட்டு வந்துடறேன்."

இவர் முடிக்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா? பஜ்ஜிக் கடைக்குப் பக்கத்தில் அவித்த வேர்க்கடலை, அதற்குப் பக்கத்தில் மிளகாய்த்தூள் போட்ட கொய்யா. கேட்டுக்கு உள்பக்கம் நான், வெளிப்பக்கம் அவர்.

"தோ பாருங்க. தையில இவ பூடுவா" என்றேன். "நாலு பேரா நிக்கிறது இன்னிக்கி உட்டா இல்ல. பஜ்ஜி எப்ப வேணா துன்னலாம்."

திட்டத்தான் ஆரம்பித்தேன். கடைசியில் குரல் உடைந்துவிட்டது. பிரியா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். இவர் பஜ்ஜியைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். அப்புறம் பொட்டலத்தை அப்படியே செக்யூரிட்டி கையில் வைத்தார்.

"சூடா கீது அண்ணாத்தே. நீங்க சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

கல்யாணமான நாளாகப் பார்க்கிறேன். ஒரு பஜ்ஜியை முழுசாக அவர் எனக்குக்கூடக் கொடுத்ததில்லை.

செக்யூரிட்டியே ஒரு கையில் பொட்டலத்தோடு எங்களைப் போட்டோ எடுத்துக் கொடுத்தார். பின்னால் ரோஜாச் செடிகள், செயற்கை அருவி. பூட்டு இல்லை. மூன்று பேர் போனைப் பார்க்கிறோம். இவர் மட்டும் அந்த ஆளின் இன்னொரு கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

போட்டோ எடுத்து முடித்ததுதான் தாமதம், கிரண் அருவி பக்கம் போய்விட்டான். மாப்பிள்ளையிடமிருந்து வீடியோ கால் வர, பிரியா மரத்தடிக்குப் போனாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். இவ்வளவு பாடுபட்டு உள்ளே வந்தாயிற்று, பக்கத்தில் இவர் மட்டும்தான்.

"பாத்தியா, இதுக்குத்தான் நான் வழியெல்லாம் நிறுத்தறது" என்றார்.

"எதுக்கு?"

"பார்க்குல உட்டா ஆளுக்கொரு பக்கம் பூடுதுங்க. கடைன்னா ஒரே பெஞ்சு. நாலு பேரும் ஒரே தட்டுல கைய உட்டுகினு குந்தியிருப்போம். பாதி வாட்டி எனக்குப் பசியே இருக்காதுமே."

"பொய் சொல்லாதீங்க."

"சரி, கால்வாசி வாட்டி" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை வருஷம் இதை ஒரு வார்த்தை சொன்னாரா, ஊமைக் கோட்டான். பூக்களைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அழகாகத்தான் இருந்தன.

திரும்பும்போது ஆம்பூரில் பிரியாணிக்கு நானே அனுமதி கொடுத்தேன். எல்லோருக்கும் வயிறு நிரம்பிவிட்டது. விளக்கு போடுகிற நேரத்துக்குத் திருமழிசை வந்தது. இந்தத் தடவை கார் மெதுவாகவில்லை. மனுஷன் சட்டத்தை மதித்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க" என்றேன்.

"ஊடு வந்துட்ச்சேமே?"

"காலைல போணி பண்ணாம போனோம் இல்ல. இப்ப பண்ணிட்டு போலாம்."

ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். மசால்வடை வந்தது. மொறுமொறு ஓரம் யாருக்கு என்று பிரியாவும் கிரணும் சின்னப் பிள்ளைகளாட்டம் சண்டை போட்டார்கள். பிரியாவின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்து, சத்தத்தை நிறுத்திப் பைக்குள் போட்டாள். பூந்தமல்லி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. வடை தீர்ந்தது, டம்ளர்களும் காலியாகின. யாரும் எழுந்திருக்கவில்லை.

வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். நான் மாஸ்டரைக் கூப்பிட்டு இன்னும் நாலு டீ போடச் சொன்னேன்.